அப்பாவின் பம்ப் ஸ்டவ்: பிரித்துப் பூட்டியது

பம்ப் ஸ்டவ்வைப் பிரிக்க உட்கார்ந்தால் முதல் வேலை, எண்ணெய் ஊற்றும் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்துவது. பல வருடமாகப் பரணில் கிடந்த ஸ்டவ்வில் காற்று எங்கே இருக்கப்போகிறது என்று தோன்றும். இருந்தாலும் தளர்த்திவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும் என்பது அப்பா வைத்திருந்த சட்டம். தளர்த்தினேன். காற்று வரவில்லை, வாசனைதான் வந்தது. மண்ணெண்ணெய் வற்றிப் பிசினாகிப்போன வாசனை. எங்கள் பழைய ஃபியட்டின் டிக்கியைத் திறந்தால் எப்போதும் அடிப்பது இதேதான்.

அப்பா போன பிறகு சாமான்களைப் பிரித்துக்கொண்டபோது அண்ணன் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டான். அக்கா அவருடைய பேனாவைக் கேட்டாள். ஸ்டவ்வை யாரும் கேட்கவில்லை. "பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டா பித்தளை விலையாவது வரும்" என்றாள் அம்மா. அம்மாவுக்கு இந்த ஸ்டவ்வைக் கண்டாலே ஆகாது. "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்று நாளிதழில் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த காலத்தில் குடும்பம் நடத்தியவள். அதில் எத்தனை நிஜமாகவே ஸ்டவ் வெடித்தது, எத்தனை வரதட்சணைக்காக வீட்டார் கொளுத்தியது என்பது வேறு விஷயம். பழி ஸ்டவ் மேல் விழுந்தது. எங்கள் வீட்டில் காஸ் இணைப்பு வந்த அன்றே அது சமையலறையை விட்டு வெளியேறி, கோடை விடுமுறைப் பயணத்துக்கு மட்டும் என்று ஆனது.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் கை வைத்தால் ஒன்றும் பிடிபடாது. 1892-ல் சுவீடனில் ஃபிரான்ஸ் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வாரிசுதான் நம் ஊர் பித்தளை பம்ப் ஸ்டவ். திரி கிடையாது. பர்னருக்கு அடியில் உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினால் பர்னர் சூடாகும். பம்ப் அடித்தால் டேங்குக்குள் ஏறும் காற்று மண்ணெண்ணெயை மேலே தள்ளும். சூடான பர்னர் குழாயில் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் ஊசித் துளை வழியே பீறிட்டு, காற்றோடு கலந்து நீலமாக எரியும். எரிகிற தீயே பர்னரைத் தொடர்ந்து சூடாக வைத்துக்கொள்ளும். ஆகவே கோளாறு என்றால், காற்று நிற்கவில்லையா, நிப்பிள் அடைத்திருக்கிறதா, பர்னர் சூடேறவில்லையா என்று பார்த்தால் அநேகமாகப் போதும்.

என் கைக்கு வந்தபோது இதற்கு மூன்றுமே இருந்தன. ஒரு காலும் வளைந்திருந்தது.

பர்னர்தான் கழற்றவே வரவில்லை. அதற்கும் டேங்கிலிருந்து வரும் குழாய்க்கும் நடுவில் ஈய வாஷர் ஒன்று உண்டு. வருடக்கணக்கில் சூடு பட்டு நசுங்கி இரண்டையும் கவ்விக்கொண்டிருக்கும். துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டு ஓர் இரவு ஊறவிட்டேன். அப்புறம் கீழே ஒரு ஸ்பேனரால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மேலே இன்னொன்றால் திருப்பினேன். கீழே பிடிக்காமல் திருப்பினால் குழாய் டேங்கோடு சேரும் இடத்தில் பற்றவைப்பு விட்டுப்போகும். அப்படிப் போனால் வேலை இரட்டிப்பு.

டேங்குக்குள் இருந்த பிசினுக்குத் தின்னர் ஊற்றி, சின்னச் சின்ன நட்டுகள் போட்டுக் குலுக்கினேன். போட்டது எத்தனை என்று எண்ணிப் போட வேண்டும், எடுக்கும்போதும் எண்ண வேண்டும். தின்னர் தேன் நிறத்தில் வெளியே வந்தது. தெளிவாக வரும்வரை ஊற்றி ஊற்றிக் கொட்டினேன். இதெல்லாம் மொட்டைமாடியில், திறந்த வெளியில். உள்ளே வைத்துச் செய்கிற வேலை இல்லை.

அடுத்தது பம்ப். கைப்பிடியை உருவி வெளியே எடுத்தால் அதன் நுனியில் தோல் வாஷர் இருக்கும். குவிந்த வாய் கீழே பார்த்தபடி. கடையில் வாங்கிய வாஷர் என்றால் அச்சில் அழுத்திய கிண்ணம் போல ஒரே கனமாக இருக்கும். இதில் இருந்தது கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிய மெல்லிய தோல். ஓரம் நேராக இல்லை. காய்ந்து விறைத்திருந்தது. திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் கறுப்பு பாலிஷின் மிச்சம்.

அது என்ன தோல் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் இடது கால் ஷூவின் நாக்கு.

ஆழியாறில் நடந்தது. திருச்சியிலிருந்து கரூர், பல்லடம், பொள்ளாச்சி என்று வந்து, அணைக்கட்டுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து நிறுத்தியிருந்தோம். சாப்பிட்டுவிட்டு வால்பாறை ஏறுவதாகத் திட்டம். நாற்பது கொண்டை ஊசி வளைவு என்று சொல்லிச் சொல்லியே அண்ணன் எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தான். பம்ப் அடித்தால் கைப்பிடி காற்றில் போய் வந்துகொண்டிருந்தது, எதிர்ப்பே இல்லை. தோல் கிழிந்துவிட்டது. அப்பா பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் பயிற்றுநர். பொருள் இல்லை என்று ஒரு வேலையை நிறுத்துவது அவருக்குத் தெரியாது. எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பெல்ட் கனம், அக்காவின் கைப்பை ரெக்சின். கடைசியில் குனிந்து தன் ஷூவைக் கழற்றி நாக்கை அறுத்தார். அப்பாயியின் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலில் முக்கி, பேனா மூடியின் மேல் வைத்து அழுத்திக் குவித்து, திருகில் மாட்டினார். பம்ப் பிடித்தது. நாற்பது வளைவையும் நாக்கில்லாத ஷூவோடுதான் ஏறினார். லேஸ் முடிச்சு காலில் குத்துகிறது என்று வழியெல்லாம் முனகல்.

ஊருக்குத் திரும்பியதும் புது வாஷர் வாங்கிப் போட்டிருப்பார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். வேலை செய்கிறதே, எதற்கு மாற்றுவது என்று விட்டிருக்கிறார். அவரிடம் இது ஒரு நோய். வேலை செய்வதை அவர் தொடவே மாட்டார்.

காய்ந்த தோலை உயிர்ப்பிக்க விளக்கெண்ணெய் நல்லது. கை பொறுக்கும் சூட்டில் எண்ணெயை வைத்து, தோலை அதில் போட்டு மறுநாள் எடுத்தேன். இளகியிருந்தது. விரலால் ஓரத்தை வெளிப்புறமாக விரித்துவிட்டு, உருளைக்குள் நுழைக்கும்போது மடங்காமல் சுற்றிச் சுற்றி விட்டேன். அடித்துப் பார்த்தால் எதிர்ப்பு இருந்தது. புது வாஷர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன், அது அப்படியே உறையில் கிடக்கிறது.

ஆனால் அதற்குக் கீழே உள்ள வால்வில் இந்தச் சலுகை கிடையாது. பம்ப் உருளையின் அடியில், டேங்குக்குள், ஒருவழி வால்வு ஒன்று திருகப்பட்டிருக்கும். காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அது ஒழுகினால் பம்ப் கைப்பிடி தானாக மேலே எழும்பி வரும். இன்னும் மோசமானால் மண்ணெண்ணெயே பம்ப் வழியாகக் கசிந்து, எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் வழியும். செய்தித்தாளில் வந்த விபத்துகளில் கொஞ்சமாவது நிஜம் இருந்திருந்தால், அது அநேகமாக இந்த இடத்திலும், எரியும்போதே எண்ணெய் ஊற்றியதிலும்தான் இருந்திருக்கும்.

இந்த வால்வைக் கழற்ற நீளமான தனிச் சாவி வேண்டும். கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள். அப்பாவின் டூல்ஸ் டப்பாவைக் கவிழ்த்ததில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டு விழுந்தது. ஒரு நுனியில் அரத்தால் இரண்டு காடி வெட்டியிருந்தது, மறுநுனியில் குறுக்கே ஓர் ஆணி. உருளைக்குள் விட்டால் காடி போய் வால்வின் தலையில் சரியாக உட்கார்ந்தது. அரத்தின் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக, மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிற மாதிரி அவ்வளவு ஒழுங்கு.

வால்வுக்குள் சின்ன ஸ்பிரிங்கும், அதன் முனையில் அடைப்பானும். கார்க் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு ரப்பர் இருந்தது. மண்ணெண்ணெய் குடித்து உப்பி, நடுவில் குழி விழுந்திருந்தது. ரப்பரின் ஓரத்தில் சிறிய வரம்பு ஒன்று தெரிந்ததால்தான் பிடிபட்டது. மருந்துக் குப்பியின் மூடி. ஊசி குத்தி மருந்து இழுப்பார்களே, அந்த ரப்பர்.

இதை உள்ளங்கையில் வைத்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "உங்க அப்பாயி இன்சுலின் பாட்டில்" என்றாள் உடனே.

அப்பாயிக்குச் சர்க்கரை. காலையில் சாப்பிடும் முன் ஊசி. பயணத்தில் இன்சுலின் குப்பி ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வரும், அதை யாரும் தொடக்கூடாது. ஊசி கண்ணாடியில் செய்தது. ஒவ்வொரு முறையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுக்க வேண்டும். பிளாஸ்டிக் ஊசியைப் போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற வழக்கம் அப்போது எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். விடியற்காலையில் காரின் பின் சீட்டில் தூக்கக் கலக்கத்தில், ஸ்டவ் இரைகிற சத்தத்தையும், எவர்சில்வர் டப்பாவுக்குள் கண்ணாடி கிலுங்குகிற சத்தத்தையும் கேட்டிருக்கிறேன். அதே தீயில் அடுத்து காபி வரும்.

எனக்குத் தெரியாதது அம்மா அப்புறம் சொன்னது. "ஊசிக்காகத்தான்டா அந்த ஸ்டவ்வே கார்ல வந்துச்சு. ஓட்டல்ல போய் ஊசி கொதிக்க வைக்கணும்னு கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க. அவங்களுக்கு வெக்கம். நா வரலை, நீங்க போங்கன்னுட்டாங்க. அம்மா இல்லாம எங்கயும் போறதில்லைன்னு இவரு."

நாங்கள் மூன்று பேரும் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தோம். சாலையோரம் ஓட்டலில் மற்ற குடும்பங்கள் நெய் ரோஸ்ட் சாப்பிட, நாங்கள் புளிய மரத்தடியில் உப்புமாவுக்கு உட்கார்ந்திருப்போம். "ஓட்டல் தண்ணி நல்லா இருக்காது" என்பார் அப்பா. மணப்பாறையில் முறுக்கு வாங்க நிறுத்துவார், கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க்கு நிறுத்துவார், சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்த மாட்டார். அக்கா கல்லூரிக்குப் போன பிறகு இதை வைத்தே அவரைக் கிண்டல் செய்வாள். அவரும் சிரித்துக்கொண்டே கஞ்சன் பட்டத்தை வாங்கிக்கொள்வார். அப்பாயியின் பெயரை ஒருமுறை கூட எடுத்ததில்லை. இப்போது அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த உப்புமா நல்லாவே இருக்காதுடா, அது மட்டும் உண்மை" என்றாள்.

சரி, வால்வுக்கு வருவோம். இயற்கை ரப்பரும், மருந்துக் குப்பி மூடியில் வரும் ரப்பர் வகைகளும் மண்ணெண்ணெயில் உப்பிவிடும். நைட்ரைல் ரப்பர் தாங்கும், விட்டான் (Viton) என்ற செயற்கை ரப்பர் இன்னும் நன்றாகத் தாங்கும். ஹைட்ராலிக் சீல் விற்கும் கடையில் ஒரு சிறு விட்டான் துண்டு கிடைத்தது. துளைக்கும் கருவியால் வில்லையாக வெட்டி, ஸ்பிரிங்கின் முனையில் உட்கார வைத்தேன். வால்வைத் திரும்பப் பூட்டும்போது அதன் சின்ன ஈய வாஷரும் புதிது. பர்னருக்கும் புது ஈய வாஷர். தோல் வாஷர் கிழிந்தால் பம்ப் வேலை செய்யாது, அவ்வளவுதான். வால்வு விட்டால் தீ. ஆகவே அப்பாவின் கைவேலையை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு இன்னோரிடத்தில் தூக்கி எறிந்தேன். அவரும் மாணவர்களிடம் இதைத்தான் சொல்லியிருப்பார்.

அடுத்து ஒழுக்குச் சோதனை. டேங்கின் அடியில், விளிம்பு ஓரமாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஈயப் பற்று ஒன்று இருக்கிறது. கன்னியாகுமரிப் பயணத்தில் ஏதோ ஒரு பள்ளத்தில் கார் குதித்தபோது ஜாக்கி உருண்டு ஸ்டவ் மேல் விழுந்ததன் அடையாளம். டிக்கியெல்லாம் மண்ணெண்ணெய், ஜமுக்காளம் உட்பட. திருநெல்வேலியில் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் பற்றவைத்தார்கள். காரின் ரேடியேட்டரும் பித்தளைதானே, அந்தப் பட்டறைக்காரர்களுக்கு இது கைவந்த வேலை. அழகாக இல்லை, வழிந்து உறைந்த மாதிரி இருக்கிறது. பர்னர் குழாயின் வாயை அடைத்து, மிதமாகக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முழுக்கிப் பிடித்தேன். பற்றில் ஒரு குமிழ் கூட வரவில்லை. எண்ணெய் மூடியின் வாஷரில்தான் வரிசையாகக் குமிழ் கிளம்பியது. அதை மாற்றியதும் நின்றது. சாதாரணப் பற்று ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். ஆனால் ஒழுங்காக எரிகிற ஸ்டவ்வில் டேங்க் வெதுவெதுப்பைத் தாண்டாது. டேங்க் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் உடனே காற்றைத் திறந்துவிட்டு அணைக்க வேண்டும்.

பர்னருக்குள் கரி அடைத்திருந்தது. மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் கரி உதிரும். சில முறை செய்ததும் ஊதினால் காற்று தாராளமாகப் போனது. நிப்பிளுக்கு மட்டும் அவசரம் கூடாது. துளை மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். தடித்த பின்னைச் சொருகிக் குடைந்தால் துளை பெரிதாகி, தீ மஞ்சளாகிப் புகையும். அப்பா சைக்கிள் பிரேக் ஒயரிலிருந்து ஒரே ஒரு இழையைப் பிரித்தெடுத்து வைத்திருப்பார். நான் என் மகளின் கிட்டாரில் அறுந்த மெல்லிய தந்தியை எடுத்துக்கொண்டேன். 0.009 அங்குலம், அதாவது 0.23 மில்லிமீட்டர். பாதகமில்லாமல் போய் வந்தது.

பித்தளைக்குப் புளி. கடையில் விற்கும் பாலிஷை விட அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஈயப் பற்றின் மேல் அழுத்தித் தேய்க்கவில்லை.

பற்றவைத்தது மொட்டைமாடியில். பக்கத்தில் மணல் வாளியும் நனைத்த சாக்கும். டேங்கில் முக்கால் அளவுக்கு மேல் எண்ணெய் போகக்கூடாது, காற்றுக்கு இடம் வேண்டும். நல்ல வெள்ளை மண்ணெண்ணெய்தான் ஊற்றினேன், பெட்ரோல் ஒரு சொட்டும் கலக்கக்கூடாது. ஸ்பிரிட் எரிந்து முடியப் போகும் நேரத்தில் காற்றுத் திருகை மூடி, மெதுவாகப் பம்ப் அடிக்க வேண்டும். முன்னால் அடித்தால் சூடேறாத பர்னரிலிருந்து எண்ணெய் அப்படியே பீய்ச்சி ஆளுயரத்துக்கு மஞ்சள் தீ எழும்பும். பாதியில் அணைந்துபோனால், சூடான கிண்ணத்தில் மறுபடி ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. ஆறட்டும்.

முதலில் திக்கித் திக்கி எரிந்தது. இன்னும் நாலைந்து அடி அடித்ததும் தீ நீலமாகி, பழைய இரைச்சல் வந்தது. அம்மா மாடிப்படியிலேயே நின்றுகொண்டாள், பக்கத்தில் வரவில்லை. மாடிக் காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அப்பா பட்ட பாடு ஞாபகம் வந்தது. காற்றாலைகள் வைக்கிற அளவுக்குக் காற்று வீசும் இடத்தில், தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரத்தில் ஸ்டவ் பற்றவைக்கப் பார்த்தார். காரின் கதவுகளைத் திறந்து வைத்து, எங்களை வரிசையாக நிற்க வைத்து, போர்வையைப் பிடிக்கச் சொல்லி, ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பயணத்துக்குள் எண்ணெய் டின்னை வெட்டி மடக்குத் தடுப்பு ஒன்று செய்துவிட்டார், கீலுக்குச் சைக்கிள் ஸ்போக். அந்தத் தடுப்பு மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. அதை நான்தான் புதிதாகச் செய்ய வேண்டும்.

தண்ணீர் வைத்தேன். கொதித்தது. கொடைக்கானலில் ஒரு தடவை அப்பா பாலிடெக்னிக் லேப் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து கொதிக்கிற தண்ணீரில் விட்டுக் காட்டினார். 93-ல் நின்றது. "சுமார் 300 மீட்டர் ஏறினா ஒரு டிகிரி குறையும். நாம 2,100 மீட்டர்ல இருக்கோம். போட்டுப் பாரு." பருப்பு வேகாததற்கு அம்மாவிடம் அவர் சொன்ன சமாதானமும் அதுதான். அம்மா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பருப்பு பழசு என்பது இன்றுவரை அவள் கட்சி.

அண்ணன் இந்தக் கோடையில் ஸ்டவ்வை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போகலாம் என்கிறான், அவன் காரில். நிறுத்த இடம் எங்கே என்று கேட்டேன். திருச்சியிலிருந்து திண்டுக்கல் வரை இப்போது நான்கு வழிச் சாலை. வண்டிகள் நூறில் பறக்கும் சாலையின் ஓரத்தில் அடுப்பு வைக்கிற வேலை ஆகாது. சாலையை அகலப்படுத்தியபோது புளிய மரங்களும் போய்விட்டன. வேகமாகப் போய்ச் சேர்கிறோம், அதைக் குறை சொல்ல மாட்டேன். வத்தலக்குண்டு தாண்டி மலையடிவாரத்தில் தனியார் தோட்டம் ஏதாவது இருந்தால், கேட்டுக்கொண்டு, தோப்புக்குள் வைக்கலாம். பம்ப்செட் ஓடினால் தண்ணீருக்கும் கவலை இல்லை. காட்டு எல்லைக்குள் கூடவே கூடாது, கோடையில் அங்கே ஒரு பொறி போதும்.

அவன் கார் புதிது, டிக்கியில் கம்பளம் விரித்திருக்கிறான். ஸ்டவ்வில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் வடித்து, காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, மரப்பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்துத்தான் ஏற்றுவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஜாக்கி வேறு பக்கம்.